டீசலுக்கு ஊருக்கு ஊர் கணக்கு, சோற்றுக்கு மட்டும் ஒரே கணக்கா?

லாரி உரிமையாளர்களுக்கு லைன் டிரைவர் ஒருவனின் திறந்த மடல்

உரிமையாளர்களே,

போன மாதம் எங்கள் பக்கத்து முதலாளிகள் சிலர் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடி எடுத்த முடிவு வாட்ஸ்அப்பில் எனக்கு வந்து சேர்ந்தபோது, நான் நவி மும்பை களம்போலியில் லோடு இறக்குவதற்காக மூன்றாவது நாளாக வண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். முடிவு நாலே வரி. எல்லா லைனுக்கும், அதாவது எல்லா வெளியூர் ஓட்டத்துக்கும், பேட்டா என்கிற வழிச்செலவுப் படி நாளுக்கு 500 ரூபாய். அதுவும் வண்டி ஓடுகிற நாளுக்கு மட்டும். ஹால்டிங், அதாவது லோடு ஏற்ற இறக்க வண்டி காத்து நிற்கிற நாளுக்குப் பேட்டா கிடையாது. பார்க்கிங், குளியல் செலவெல்லாம் டிரைவர் பொறுப்பு. கடைசியில் கைகூப்பும் பொம்மை ஒன்று.

அதுவரைக்கும் ஓனருக்கு ஓனர் வழக்கம் வேறாக இருந்தது. என் முதலாளி நிற்கிற நாளுக்கும் 400 எழுதுவார். சிலர் 600 கொடுத்தார்கள். சிலர் "வா, கணக்கு முடிக்கும்போது பார்த்துக்கலாம்" என்பார்கள், பார்க்கவே மாட்டார்கள். குளறுபடிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குளறுபடியைச் சரிசெய்கிறோம் என்று உட்கார்ந்தவர்கள், கிடைத்துக்கொண்டிருந்ததையும் பிடுங்கிக்கொண்டு எழுந்திருக்கிறீர்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒரு டிரைவரையாவது கூப்பிட்டீர்களா?

நான் இருபத்து மூன்று வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவன். அதற்கு முன் நாலு வருஷம் கிளீனர். சங்ககிரி வண்டி, நாமக்கல் வண்டி, திருச்செங்கோட்டு வண்டி எல்லாவற்றிலும் ஏறி இறங்கியிருக்கிறேன். உங்களில் பாதிப் பேர் என்னைப் போலவே கிளீனராக ஏறி, டிரைவராகி, பைனான்ஸில் பழைய வண்டி ஒன்றை எடுத்து முதலாளி ஆனவர்கள். உங்களுக்குத் தெரியாத எதையும் நான் எழுதப்போவதில்லை. ஆனால் நீங்கள் லைனுக்குப் போய் எத்தனை வருஷம் ஆகிறது என்று மனசுக்குள் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

டெல்லி லைனுக்கு வண்டி கிளம்பினால் என் முதலாளி சொல்லும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? "பெங்களூர் தாண்டி பாகேபள்ளிக்கு முன்னாலயே டேங்கை நிரப்பிரு. ஆந்திராவுல ஒரு சொட்டுக்கூட அடிக்காதே." சரியான பேச்சு. கர்நாடகத்து டீசலுக்கும் ஆந்திரத்து டீசலுக்கும் லிட்டருக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. முந்நூறு லிட்டர் அடித்தால் ஆயிரத்தைந்நூறு ரூபாய் மிச்சம். எந்த மாநிலத்தில் எவ்வளவு வரி, எந்த எல்லைக்கு முன்னால் நிரப்ப வேண்டும் என்றெல்லாம் நீங்கள் விரல் நுனியில் வைத்திருக்கிறீர்கள். டோல் கேட்டுக்கு டோல் கேட் காசு வேறு என்பதும் தெரியும். அது ஃபாஸ்டேக்கில் உங்கள் கணக்கிலிருந்து போகிறது. "எல்லா டோலுக்கும் சேர்த்து நாளுக்கு இவ்வளவுதான், மிச்சத்தை நீ போட்டுக்கொள்" என்று எந்த ஓனரும் இதுவரை சொன்னதில்லை.

வண்டி குடிக்கிற டீசலுக்கு ஊருக்கு ஊர் விலை உண்டு. அதை ஓட்டுகிறவன் தின்கிற சோற்றுக்கு மட்டும் கன்னியாகுமரியிலிருந்து டெல்லி வரை ஒரே விலையா?

களம்போலியில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். இது என் கணக்கு நோட்டில் இருக்கிற நாள். பார்க்கிங் 24 மணி நேரத்துக்கு 150. காலையில் கட்டணக் கழிப்பறைக்கு 10, குளிக்க 30. சாயங்காலம் திரும்ப ஒரு 10. காலைப் பசிக்கு இரண்டு வடாபாவ், 40. டீ இரண்டு, 30. எப்போது இறக்குவார்கள் என்று கேட்கச் சரக்குக்கார பார்ட்டியின் ஆபீஸுக்கு ஷேர் ஆட்டோவில் போய்வர 45. மத்தியானம் ரைஸ் பிளேட் 140. அதில் சோறு என்னவோ நம் ஊரில் குழந்தைக்குப் போடுகிற அளவுதான். நாலு மணிக்கு ஒரு டீ 15. ராத்திரி ரொட்டியும் சப்ஜியும் 130. குடிதண்ணீர் இரண்டு பாட்டில் 40. மொத்தம் 640 ரூபாய். பீடி, சிகரெட், பாக்கு, மது எதுவும் இதில் இல்லை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. (இருக்கிறவர்களுக்கும் அதற்குப் பேட்டா கேட்கவில்லை.)

"சமைச்சுக்க வேண்டியதுதானே?" என்பீர்கள். சமைக்கிறவன்தான் நான். கேபினுக்குப் பின்னால் பெட்டியில் அடுப்பு இருக்கிறது, குக்கர் இருக்கிறது. மனைவி வீட்டிலிருந்து பத்து கிலோ அரிசி, பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு, மோர் மிளகாய் எல்லாம் கட்டிக்கொடுக்கிறாள். ஓடுகிற நாளில் தார்வாட் தாண்டி ஏதாவது ஒரு பங்க்கில் தண்ணீர் பிடித்து, வண்டி நிழலில் அடுப்பைப் பற்றவைத்து, ஒரு குக்கர் சோறும் ஒரு ரசமும் வைத்துவிட்டால் ராத்திரிக்கும் வந்துவிடும். அப்படி ஓடுகிற நாளில் எனக்கு 350க்கு மேல் செலவில்லை. ஆனால் பெரிய ஊர் யார்டில் அடுப்புப் பற்றவைக்க விடமாட்டார்கள். பக்கத்து வண்டியில் என்ன கெமிக்கல் இருக்கிறதோ, என்ன கேஸ் இருக்கிறதோ, அவர்கள் பயம் அவர்களுக்கு. போன தடவை வாட்ச்மேன் வந்து குக்கரைக் காலால் தட்டிவிட்டுப் போனார். பாதி வெந்த அரிசி மண்ணில் கொட்டியது. நான் திட்டவில்லை. மராட்டியில் திட்டுகிற அளவுக்கு எனக்குப் பாஷை வராது.

இதில் உங்கள் முடிவு எடுத்தவர்களுக்குப் புரியாத ஒன்று உண்டு. நிற்கிற நாளில்தான் காசு அதிகம் போகும். ஓடுகிற நாளில் எங்கே விலை மலிவோ அங்கே நிறுத்துகிறேன். நிற்கிற நாளில் வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் நான் தின்றாக வேண்டும். வண்டியை விட்டு நூறடி நகர முடியாது. டேங்க் மூடியை உடைத்து டீசலை உறிஞ்சுகிறவன் ஒருபக்கம், பேட்டரியைக் கழற்றுகிறவன் ஒருபக்கம், தார்ப்பாயை அறுக்கிறவன் ஒருபக்கம். எது போனாலும் கணக்கு முடிக்கும்போது என் தலையில்தான் எழுதுவீர்கள். நான் கிளீனராக இருந்த காலத்தில் வண்டியில் இரண்டு டிரைவர், ஒரு கிளீனர். ஒருவர் தூங்கினால் ஒருவர் காவல் இருப்பார், ஒருவர் சமைப்பார். அப்புறம் கிளீனர் போனான். நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்று இருந்த விதியையும் 2018ல் எடுத்துவிட்டார்கள். மூன்று பேர் சம்பளம் ஒரு சம்பளமாகிவிட்டது. மூன்று பேர் செய்த வேலை மட்டும் குறையவில்லை.

சென்னையில் அம்மா உணவகம் இருக்கிறது; ஒரு ரூபாய்க்கு இட்லி. பெங்களூரில் இந்திரா கேன்டீன். பெரிய ஊரில் உழைக்கிறவன் கடைவிலைக்குச் சாப்பிட்டுக் கட்டுப்படியாகாது என்று அரசாங்கங்களே ஒத்துக்கொண்டு திறந்த கடைகள் அவை. ஆனால் பன்னிரண்டு சக்கர வண்டியை எந்த அம்மா உணவகத்து வாசலில் நிறுத்துவது?

இனி கணக்குக்கு வருகிறேன். போன மும்பை டிரிப், வீட்டிலிருந்து வீட்டுக்குப் பதினோரு நாள். போக மூன்று நாள், இறக்க நாலு நாள் ஹால்டிங், ரிட்டன் லோடுக்கு ஒரு நாள், வர மூன்று நாள். டிரிப் சம்பளம் 9,000. உங்கள் புதிய முடிவின்படி ஓடிய ஆறு நாளுக்குப் பேட்டா 3,000. ஓடிய நாளில் செலவானது 2,100. நின்ற ஐந்து நாளில் செலவானது 3,200. ஆக மொத்தம் 5,300. பேட்டா போக 2,300 ரூபாய் என் கையிலிருந்து. சம்பளத்தில் மிச்சம் 6,700. பதினோரு நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 609 ரூபாய். எங்கள் ஊரில் கொத்தனாருக்கு இப்போது நாள் கூலி 1,000. சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். அவருக்குக் கொடுப்பது அதிகம் என்று சொல்லவில்லை. கோடி ரூபாய்ச் சரக்கையும் உங்கள் வண்டியையும் நம்பி ஒப்படைத்தவனுக்கு அதைவிடக் குறைத்துக் கொடுக்கிறீர்கள் என்கிறேன்.

டெல்லி இன்னொரு கதை. 2024 நவம்பரில் கரூர் ஜவுளி ஏற்றிக்கொண்டு போனேன். 18ஆம் தேதி காலையிலிருந்து காற்று மாசு என்று சொல்லி, அத்தியாவசியச் சரக்கு இல்லாத பழைய டீசல் லாரிகளை டெல்லிக்குள் விடவில்லை. எங்கள் வண்டி பிஎஸ்-4, அதாவது பழைய புகை விதிப்படி செய்தது. டெல்லிக்குத் தெற்கே பல்வல் பக்கம் ரோட்டோரம் ஐந்து நாள். ராத்திரிக் குளிருக்கு நம் ஊர்ப் போர்வை எந்த மூலைக்கு? 450 ரூபாய்க்கு ஒரு ரஜாய் வாங்கினேன். கண் எரிந்து, தொண்டை கட்டி, சுக்குக் கஷாயம் வைக்கவும் தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. முதலாளிக்குப் போன் செய்தேன். "சர்க்கார் நிறுத்திருக்கான், நான் என்னப்பா பண்ணட்டும்?" என்றார். நியாயம்தான். நான் மட்டும் என்ன பண்ணுவேன்? கடைசியில் எல்லையிலேயே சின்ன வண்டிகளுக்கு மாற்றி ஏற்றி அனுப்பினார்கள். டிசம்பர் 5ஆம் தேதிதான் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள் என்று பிறகு தெரிந்தது. அப்போதாவது அந்த ஐந்து நாளுக்கும் 400 வீதம் எழுதினார், என் பாதிச் சுமையைத் தாங்கினார். புதிய முடிவின்படி டெல்லியில் காற்று கெட்டால் அதற்கு அபராதம் கட்ட வேண்டியவன் நான்.

அங்கே எனக்குப் பக்கத்தில் நின்றது பஞ்சாப் வண்டி. அதை ஓட்டிய பெரியவர் தாடியைக் கோதிக்கொண்டே தன் போனைக் காட்டினார். அவர் முதலாளி, வண்டி பெரிய ஊரில் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் தனியாக ஒரு தொகை போட்டுவிடுவாராம். அன்று வந்த தொகையின் மெசேஜைத்தான் காட்டினார். எங்கள் ஊரில் எவ்வளவு என்று கேட்டார். நான் பேச்சை மாற்றி, அவர் மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டேன்.

லைன் டிரைவர் பாடு இது. ஊருக்குள் ஓடுகிற டிரைவர் பாடு வேறு மாதிரி. "சென்னைக்குப் போயிரு, அங்க டிரைவருக்கு நல்ல சம்பளம்" என்று எங்கள் பையன்களிடம் சொல்பவர்கள் உண்டு. என் தங்கச்சி வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். மணலியில் ஒற்றை அறை வீடு. கரண்ட், தண்ணி எல்லாம் சேர்த்து மாசம் 8,500 வாடகைக்குப் போய்விடுகிறது. அவர் கைக்கு வருவது 24,000. என் கைக்குச் சராசரியாக 19,000. எனக்கு அப்பன் கட்டிய ஓட்டு வீடு, வாடகை இல்லை. அவருக்கு மிச்சம் 15,500. அதாவது "நல்ல சம்பளம்" வாங்குகிற மச்சானைவிட நான் மாசம் 3,500 ரூபாய் பணக்காரன்! தீபாவளிக்கு அவர்தான் எங்களிடம் கைமாற்று வாங்குகிறார். ஊரில் யாரும் நம்புவதில்லை.

அவருக்கும் கூலி டிரிப் கணக்குத்தான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றி வந்தால் எண்ணூர் சாலையில் வரிசை. ஓடுகிற தூரம் அறுபது கிலோமீட்டர், நிற்கிற நேரம் சில நாளில் இருபது மணி. அந்த இருபது மணியில் கண் அசந்தால் முன்வண்டி நகர்ந்துவிடும், பின்னால் இருப்பவன் ஹாரனை அமுக்குவான். தூங்கவும் முடியாது, இறங்கவும் முடியாது. இதற்குப் பெயர் ஓய்வாம். சென்னையில் விலைவாசி அதிகம் என்று யாருக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் டிரிப் கூலியை முடிவு செய்கிற இடத்தில் அந்த விலைவாசியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எத்தனை கிலோமீட்டர், எத்தனை டன் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஊருக்கு ஊர் செலவு வேறு என்பது நான் கண்டுபிடித்தது இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு வீட்டு வாடகைப்படி மூன்று வகுப்பாகத்தான் கொடுக்கிறார்கள். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஐதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டு ஊரும் முதல் வகுப்பு. சேலம் இரண்டாவது. நாமக்கல் மூன்றாவது. அடிப்படைச் சம்பளத்தில் இப்போது 30, 20, 10 விழுக்காடு. வெளியூர் வேலையாகப் போகிற கடைநிலை ஊழியருக்கே ஒரு நாள் சாப்பாட்டுக்கு 500 ரூபாய், அறைக்கு 450 ரூபாய் என்று 7ஆவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2017லேயே வைத்துவிட்டார்கள். அன்றைக்கு அவர்களுக்குச் சாப்பாட்டுக்கு மட்டும் வைத்த தொகையை இன்றைக்கு நீங்கள் எங்களுக்குச் சாப்பாடு, குளியல், பார்க்கிங் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைக்கிறீர்கள். அதுவும் ஓடினால்தான். அறை வாடகை பற்றி நான் பேசவே இல்லை. கேபின்தான் எங்கள் அறை. 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் புது லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது. சந்தோஷம். நான் ஓட்டுகிற 2019 மாடலில் ஃபேன் ஓடினாலே பெரிய விஷயம்.

நூறு நாள் வேலைக்குக்கூட மாநிலத்துக்கு மாநிலம் கூலி வேறாகத்தான் வைத்தார்கள். 2024-25ல் தமிழ்நாட்டுக்கு 319 ரூபாய், அரியானாவுக்கு 374. பாத்தி வெட்டுகிற வேலைக்கே இடம் பார்த்துக் கூலி வைக்கிற நாட்டில், எட்டு மாநிலம் தாண்டி ஓடுகிறவனுக்கு மட்டும் எந்த ஊரும் கணக்கில் வராதா?

உங்கள் கஷ்டம் தெரியாதவன் இல்லை நான். டீசல், டயர், இன்சூரன்ஸ், வண்டித் தகுதிச் சான்றான எஃப்சி, மாசம் பிறந்தால் பைனான்ஸ் தவணை. வாடகையைப் பேசுகிற இடத்தில் புரோக்கர் உங்களையும் அமுக்குகிறான் என்று தெரியும். ரிட்டன் லோடு டீசல் காசுக்குக்கூட வராத நாளும் பார்த்திருக்கிறேன். "பார்ட்டி ஹால்டிங் கொடுப்பதில்லை, நாங்கள் எங்கிருந்து கொடுப்பது?" என்று கேட்கிறீர்கள். அங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். சரக்கோடு போகிற எல்.ஆர். (லாரி ரசீது) சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஹால்டிங் சார்ஜ் அச்சடித்திருக்கிறதே, அதைக் கேட்டு வாங்க வேண்டியது யார்? அடுத்த லோடு கொடுக்கமாட்டான் என்ற பயத்தில் அவனிடம் கேட்காமல் விடுகிறீர்கள். அவனிடம் விட்டதை என்னிடம் பிடிக்கிறீர்கள். குடோனில் ஆள் இல்லாமல் நாலு நாள் சரக்கை இறக்காதது பார்ட்டியின் குற்றம். வரிசையை ஒழுங்காக விடாதது யார்டின் குற்றம். இந்தக் கணக்கில் டிரைவர் எங்கே வருகிறான்? சில முதலாளிகள் ஹால்டிங் காசு வாங்கியும் விடுகிறார்கள். அது வண்டிக்கு வந்த காசாம். வண்டி தானாகவா நின்றது? நான்தான் காவல் இருந்தேன்.

டிரைவர் கிடைக்கவில்லை, வண்டி ஷெட்டில் நிற்கிறது என்று எந்த டீக்கடையில் பார்த்தாலும் புலம்புகிறீர்கள். என் மகனுக்கு ஹெவி லைசென்ஸ் இருக்கிறது. கோயம்புத்தூரில் பார்சல் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். லைனுக்கு வாடா என்று கூப்பிட்டால், "நின்னா காசு இல்லாத வேலைக்கு எவன் வருவான்?" என்கிறான். அவன் வேலையிலும் நின்றால் காசு இல்லைதான். ஆனால் அவன் நிற்பது காந்திபுரத்தில். பசித்தால் வீட்டுக்கு வந்துவிடுவான்.

தொழிலாளர் துறையில் இருப்பவர்களுக்கும் இந்த மடலில் ஒரு பங்கு உண்டு. 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், தூர ஓட்டத்துக்குப் பத்து மணி நேரம், ஐந்து மணிக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்றது. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது இருக்கிற நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தும் என்றும் சொன்னது. எங்கள் முதலாளிகளில் பெரும்பாலோர் ஒன்று, இரண்டு, மூன்று வண்டி வைத்திருப்பவர்கள். சட்டம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. இப்போது 2025 நவம்பர் 21லிருந்து அந்தச் சட்டம் பணிப் பாதுகாப்பு பற்றிய புதிய சட்டத் தொகுப்பில் கரைந்துவிட்டது. கூடவே வந்த புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு, இடத்துக்கு இடம் வேறு அடிமட்டக் கூலி நிர்ணயிக்கலாம் என்கிறது. அது எழுதியிருப்பது ஒரே இடத்தில் வேலை செய்கிறவனை மனசில் வைத்து. காலையில் சித்ரதுர்கா, ராத்திரி கோலாப்பூர் என்று இருக்கிறவனுக்கு எந்த இடத்துக் கூலி? தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியோடு சேர்கிற பஞ்சப்படியைச் சென்னை விலைவாசிக் குறியீட்டெண்ணை வைத்துத்தான் கணக்கிடுகிறீர்கள். மாசத்தில் ஒரு நாள்கூடச் சென்னையில் சாப்பிடாத எனக்குச் சென்னைப் பருப்பு விலை எதற்கு? மத்திய அரசின் லேபர் பீரோ நாடெங்கும் 88 ஊருக்குத் தனித்தனியாகக் குறியீட்டெண் வெளியிடுகிறது. மும்பை, நாக்பூர், டெல்லி எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த எண்கள் உங்கள் மேசையிலேயே இருக்கும்போது, வெளியூர்ப் படிக்கு அவற்றை எடுத்துப் பார்க்க என்ன தடை?

நாங்கள் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். இது நான் மட்டும் கேட்பது இல்லை; எங்கள் ஸ்டாண்டில் பதினான்கு பேர் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் சண்டை போட்டு ஒத்துக்கொண்டது. 1,000 ரூபாய் கேட்க வேண்டும் என்று கத்தினவர்களும் இருந்தார்கள். கொடுக்கக்கூடியதைத்தான் கேட்க வேண்டும் என்று அடக்கினோம்.

அந்த நாலு வரி முடிவை வாபஸ் வாங்குங்கள். நிற்கிற நாளும் வேலை நாள்தான் என்று எழுதிக் கொடுங்கள். முதல் வகுப்பு எட்டு ஊர்களிலும், களம்போலி, பிவண்டி, மணலி, நெலமங்கலா போல அந்த ஊர்களின் ஓரத்தில் வண்டி நிற்கிற இடங்களிலும் ஹால்டிங் நாளுக்கு 600 ரூபாய் பேட்டா வேண்டும். மற்ற ஊர்களில் நின்றாலும், எங்கே ஓடினாலும் 500 போதும். பார்க்கிங் காசு வண்டி நிற்கிற வாடகை; அதை டோல் போல வண்டிக் கணக்கில் எழுதுங்கள். ரசீது கொண்டுவருகிறோம். ரசீது கொடுக்காத இடத்தில் போட்டோ எடுத்து அனுப்புகிறோம். ஹால்டிங் சார்ஜை எல்.ஆர். சீட்டில் இருக்கிறபடி பார்ட்டியிடம் கேட்டு வாங்குங்கள். நீங்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டால் அவன் யாரிடம் லோடு ஏற்றுவான்? வாங்கியதில் பாதி டிரைவருக்கு. அரசு எல்லையை மூடினாலும், புயல், ஸ்டிரைக் என்று எது வந்து வண்டி நின்றாலும் இதே கணக்கு. இந்தத் தொகையை வருஷத்துக்கு ஒரு தடவை, சித்திரையில், எங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்க்க வேண்டும்.

துறைமுகத்து முதலாளிகளிடம் ஒன்றுதான். வரிசையில் நாலு மணி நேரத்துக்கு மேல் நின்றால், மணிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை டிரிப் கூலிக்கு மேல் வேண்டும். எவ்வளவு என்பதை அங்கே ஓட்டுகிறவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள்.

தொழிலாளர் துறையிடம்: மோட்டார் போக்குவரத்துக்கான குறைந்தபட்சக் கூலியை அடுத்த முறை திருத்தும்போது, தூர ஓட்ட டிரைவர்களுக்கு நிற்கிற ஊரின் விலைவாசியை வைத்து வெளியூர்ப் படி என்று ஒரு தனி வரி சேர்க்க வேண்டும். ஒற்றை வண்டி முதலாளியிடம் ஓட்டுகிறவனுக்கும் அது பொருந்தும் என்று அதிலேயே எழுத வேண்டும். அந்த ஆலோசனைக் குழுவில் லாரி ஓட்டுகிற ஒருவர் உட்கார வேண்டும். ஓட்டி நிறுத்தி இருபது வருஷமான தலைவர் இல்லை, இப்போது ஓட்டுகிறவர்.

சித்திரை ஒன்றுக்குள் பதில் சொல்லுங்கள். அதற்குள் வராவிட்டால், நாங்கள் பதினான்கு பேரும் மும்பை, டெல்லி லைனுக்கு ஏறமாட்டோம்; பக்கத்து ஓட்டம் மட்டும் பார்ப்போம். பேச நீங்கள் கூப்பிட்டால் கணக்கு நோட்டோடு வருகிறேன். மூன்று வருஷக் கணக்கு, ஊர் வாரியாக, டீக்கு ஆன காசு வரைக்கும் அதில் இருக்கிறது. நாளை ராத்திரி சூரத் லோடு ஏற்றுகிறேன், திரும்ப பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். வந்து கணக்கு முடிக்கிற அன்றைக்கே பேசலாம்.

இப்படிக்கு,
பதினான்கு பேர் சார்பில்,
லைன் டிரைவர் ஒருவன்